வீக்கம் வடியட்டும்

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் கிளி. வைத்தவன் யாரென்று அவளுக்கு நினைவில்லை. வைத்தவனுக்கும் இருக்காது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு, படிப்பு முடிந்து, வேலைக்கு வந்து, நாற்பதைத் தொடப்போகிற வயது வரைக்கும் கூடவே நடந்து வந்துவிட்டது. கிளி என்றதும் யாரோ கொஞ்சிக் கூப்பிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நடுவில் மேடாக முட்டி எழும்பி, நுனியில் கீழ்நோக்கி வளைந்து இறங்கும் மூக்கு அது. அப்பாவுக்கு அதே மூக்கு இருந்தது, அண்ணனுக்கும் இருக்கிறது. ஆம்பளை முகத்தில் இருந்தால் அதைக் கம்பீரம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பெண் முகத்தில் வந்து உட்கார்ந்தால் கிளி என்கிறார்கள்.

பிழைப்பும் மூக்கோடுதான். மூக்குக் கண்ணாடிக் கடையில் முன்பக்கக் கவுண்ட்டர் அவளுடையது. வருகிறவர்களை உட்கார வைத்து, தட்டுத் தட்டாக ஃபிரேம் எடுத்துக் காட்டி, மாட்டிப் பார்த்து, மூக்கில் உட்காருகிற இரண்டு சின்னப் பட்டைகளைக் குறட்டால் அகட்டியோ ஒடுக்கியோ சரிசெய்து கொடுக்க வேண்டும். காதுக்குப் பின்னால் கடிக்கிறது என்று சொன்னால், கம்பைச் சூடான காற்றில் காட்டி இளக்கி, இரண்டு விரலால் வளைத்து, ஆற விட்டு மறுபடி மாட்டிவிட வேண்டும். கடையில் சுவர் இருக்கிற இடமெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊரார் மூக்குக்கு நடுவில் தன் மூக்கும் தெரியும். அதற்கெல்லாம் அவள் பழகித்தான் போயிருந்தாள்.

அந்தக் கடையில் முதலாளி போட்ட சட்டம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் "நல்லா இருக்கா?" என்று கேட்டால், நல்லா இல்லை என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. உண்மையிலேயே பொருந்தினால், "எடுப்பா இருக்கு" என்று சொல்ல வேண்டும். பொருந்தாமல் ஆந்தை மாதிரி இருந்தாலும், அவர்கள் அதில் ஆசை வைத்துவிட்டார்கள் என்றால், "போடப் போடப் பழகிடும்" என்று சொல்ல வேண்டும். வருஷக் கணக்காக இந்த இரண்டு வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்லித்தான் கிளி சாப்பிட்டாள். அதில் பாவம் ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை.

லென்ஸ் கம்பெனியிலிருந்து பார்சல் கொண்டுவரும் ஒருவனோடு அவளுக்குப் பழக்கம் இருந்தது. சாயங்காலம் கடை சாத்தியதும் இரண்டு பேரும் நடந்தே பஸ் நிறுத்தம் வரை போவார்கள். அப்படி எத்தனையோ வருஷம். ஒருநாள் அவன் இரண்டு பேரையும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "நீ வர்றதுக்கு முன்னாடி உன் மூக்கு வந்துடுது பாரேன்" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். கொஞ்ச காலத்தில் அவன் வேறொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அவன் விட்டுப் போனதற்கு மூக்கு காரணமில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவன் ஒரு வழுவழுத்த ஆள், மூக்கு நேராக இருந்திருந்தாலும் போயிருப்பான். ஆனால் பழியை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டுமே. மூக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஆபரேஷன் செய்து மூக்கைத் திருத்துகிற ஒரு டாக்டரிடம் போனாள். அவர் அவளைப் பக்கவாட்டில் படம் எடுத்து, கம்ப்யூட்டர் திரையில் போட்டு, மூக்கின் மேட்டை அழித்துக் காட்டினார். "மேட்டை மட்டும் எடுத்தா நுனி இன்னும் தொங்கற மாதிரி தெரியும். அதையும் கொஞ்சம் தூக்கிடலாம்" என்றார். திரையில் இருந்தவள் யாரோ ஒரு நல்ல வீட்டுப் பெண் மாதிரி இருந்தாள். கிளி தலையை ஆட்டினாள்.

கண்ணாடிக் கடைக்காரி ஆனதால் அவளுக்கு ஒரு கெட்ட நம்பிக்கை இருந்தது. முகத்தில் உட்காருகிற எதையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்பது அந்த நம்பிக்கை. கொஞ்சம் கூடிப்போனால் குறைக்கலாம், கோணினால் நிமிர்த்தலாம், சூடு காட்டினால் எதுவும் வளையும். வேறு வேலை பார்க்கிறவளாக இருந்தால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "தூக்கினது கூடிப்போச்சுன்னா என்ன செய்வீங்க?" என்று ஒரு கேள்வியாவது கேட்டிருப்பாள். இவள் கேட்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து மூக்கில் கட்டோடு அண்ணன் வீட்டுக்குப் போய் நின்றபோதுதான் அவர்களுக்கே விஷயம் தெரிந்தது. அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வேலைக்குப் போகிற அவசரத்தில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஒரு வார்த்தை கேட்டியா? தன் மூக்கைத் தானே அறுத்துக்கிட்டு யாருக்கு இப்ப சகுனத் தடை?" என்றார். பிறகு குரல் இறங்கி, "அப்ப எங்க மூக்கெல்லாம் அசிங்கம்னு சொல்றே" என்றார். அண்ணி குறுக்கே வந்து, "விடுங்க, ஆசைப்பட்டுட்டா. வலிக்குதாம்மா?" என்று கேட்டு உட்கார வைத்தாள்.

முதல் சில வாரம் சிரிப்பாகத்தான் போயிற்று. மூக்கில் பாரம் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிளிக்கோ கண்ணாடி இல்லாமல் எதிரில் நிற்பது ஆணா பெண்ணா என்று தெரியாது. அதனால் ஃபிரேமின் மேல் கம்பியில் டேப்பை ஒட்டி, டேப்பை நெற்றியில் ஒட்டி, கண்ணாடியை அந்தரத்தில் தொங்க விட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். ஒரு பெரியவர் உற்றுப் பார்த்து, "இது புது மாடலாம்மா? மூக்குல படாம நிக்குதே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல முதலாளி பாதி வாய் திறந்துவிட்டார். கிளி முறைத்ததால் அன்றைக்கு அந்த வியாபாரம் நடக்கவில்லை.

கட்டைப் பிரித்த அன்று மூக்கு முழுக்க உப்பிக் கிடந்தது. "வீக்கம். வடியட்டும். நுனியிலதான் கடைசியா வடியும், ஒரு வருஷம்கூட ஆகலாம்" என்றார் டாக்டர். நடுவில் இருந்த முட்டு போய்விட்டிருந்தது, அது உண்மை. மேல்பாகம் நேராக, சுத்தமாக இறங்கியது. இறங்கி வந்து நுனிக்கு முன்னால் சட்டென்று மேலே தூக்கிக்கொண்டது. நேரே நின்று பார்த்தால் இரண்டு ஓட்டையும் தெரிந்தன. இடது பக்கத்தில் யாரோ கிள்ளி எடுத்த மாதிரி ஒரு குழி. சிரித்தால் கன்னம் அசைந்தது, உதடு அசைந்தது, நுனி மட்டும் மரக்கட்டையாக நின்றது. கண்ணாடியை மூக்கில் மாட்டலாம் என்ற நாள் வந்தபோது, தாங்குவதற்கு முட்டு இல்லாததால் அது சறுக்கிக்கொண்டு கீழே வந்து, தூக்கி நின்ற நுனியில் முட்டி நின்றது. புது நுனியால் கண்ட ஒரே லாபம் அதுதான்.

அவள் கேட்க ஆரம்பித்தாள். அண்ணனிடம் கேட்டாள். அவர் டிவியைப் பார்த்தபடி, "நல்லா இருக்கும்மா" என்றார். அண்ணியிடம் கேட்டாள். "முகமே மாறிடுச்சு, என்ன லட்சணம்!" என்றாள் அண்ணி. மாடியில் அவளுக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருந்த அம்மாளிடம் கேட்டாள். "வீக்கம் வடியட்டும்" என்றாள் அவள். பக்கத்துக் கடைத் தையல்காரி, முடிவெட்டுகிறவள், பஸ்ஸில் தினமும் பார்க்கிற ஒரு பெண், எல்லாரும் அதையே சொன்னார்கள். வீக்கம், வீக்கம், வீக்கம். ஊரே கூடிப் பேசி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறைக் கதவில் முதுகை ஒட்டி நின்று, ஒரே இடம், ஒரே வெளிச்சம் என்று படம் எடுத்து, போன வாரப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். ஒரு மயிரிழை மாற்றமும் இருக்காது. விரலால் நுனியை அழுத்திக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டே சமைப்பாள். விட்டால் பழையபடி எழுந்துகொள்ளும். சிலருக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். இவளுக்குப் புத்தி மொத்தமும் அங்கேயே குடியேறிவிட்டது. வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க வேண்டியவள், அவருக்குப் பின்னால் உள்ள சுவர்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை ஒரு பெண்மணியின் ஃபிரேம் கம்பை அளவுக்கு மேல் சூடாக்கி உருக்கியே விட்டாள்.

மூக்கு கெட்டுப்போயிருந்தால்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். நான் பார்ப்பது நிஜம்தானா என்று தெரியாமல் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஒன்று, அவள் கண்ணில் கோளாறு. இல்லையென்றால் எல்லாரும் பொய் சொல்கிறார்கள். பெற்ற அப்பா அம்மா இல்லை, கட்டினவன் இல்லை. இருக்கிற நாலு பேரில் ஒரே ஒருவர் நேருக்கு நேர் பார்த்து, "ஆமா, கெட்டுப்போச்சு" என்று சொன்னால் போதும், அழுது தீர்த்துவிட்டு அவள் வேலையைப் பார்ப்பாள். அந்த ஒரு ஆள் கிடைக்கவில்லை.

கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர் ஒருத்தர் இருந்தார். எந்நேரமும் உடம்பெல்லாம் வெள்ளைத் தூளோடு இருப்பதால் அவருக்குத் தூசி என்று பெயர். வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிற ஆள். முன்பக்கம் விட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்றே முதலாளி அவரைப் பின்னறையில் வைத்திருந்தார். கிளி ஒருநாள் அவருடைய மிஷினுக்கு எதிரே போய், விளக்கைத் தன் முகத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க ஒருத்தராவது உண்மையச் சொல்லுங்க. நுனி எப்படி இருக்கு?"

தூசி மிஷினை நிறுத்தினார். கண்ணில் இருந்த கவசத்தைக் கழற்றினார். நேராகப் பார்த்தார், குனிந்து கீழேயிருந்து பார்த்தார், பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் மூக்கை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"அது ஒண்ணுமில்ல கிளி. போகப் போகப் பழகிடும்" என்றார்.

பொருந்தாத ஃபிரேமுக்குக் கடையில் சொல்கிற வாக்கியம் அது என்று சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் வெளிறிப்போய், "நான் அந்த அர்த்தத்துல சொல்லல" என்றார். கிளி விளக்கைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு முன்பக்கம் வந்துவிட்டாள். அன்றிரவு சாப்பிடவில்லை. இருந்தாலும் மறுநாள் காலையில், அவர் ஏதோ வாய்தவறித்தானே சொன்னார் என்று மறுபடி சந்தேகம் வந்துவிட்டது. நம்ப விரும்பாதவளுக்கு எந்தச் சாட்சியும் போதாது.

வருஷம் முடிந்ததும் டாக்டரிடம் போனாள். அவர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எதிரில் இருந்த நிஜ மூக்கின் பக்கம் திரும்பவில்லை.

"ரொம்ப நல்லா வந்திருக்கு."

"ஓட்டை தெரியுது டாக்டர். இந்தப் பக்கம் பள்ளமா இருக்கு."

"நீங்க ரொம்பக் கிட்ட நின்னு பாக்கறீங்க. மத்தவங்க தள்ளி நின்னுதான் பாப்பாங்க."

"நான் என் மூக்கை விட்டுத் தள்ளி எங்க போய் நிக்கறது?"

அவர் சிரித்தார். "வீட்டுல என்ன சொல்றாங்க?"

"நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க."

"பாத்தீங்களா? உங்களுக்கு மட்டும்தான் தெரியுது. அப்ப குறை மூக்குல இல்லம்மா, மனசுல. திரும்பத் தொட்டா இதைவிட மோசமாயிடும், நான் தொட மாட்டேன். வேணும்னா மனநல டாக்டர் ஒருத்தர் இருக்காரு, பேரு எழுதித் தரேன்."

அவள் பெயரை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டார் அன்பாகச் சொன்ன பொய்யையெல்லாம் அந்த ஆள் சாட்சியாக எடுத்துக்கொண்டு, அவளைப் பைத்தியம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். படியிறங்கும்போது, ஒருவேளை நிஜமாகவே பைத்தியம்தானோ என்று அவளுக்கும் தோன்றியது.

அந்த வாரமே அண்ணி போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்துடும்மா. எவ்வளவு நாளாச்சு, வரவே மாட்டேங்கறே" என்றாள். குரலில் தேன் ஒழுகியது. அண்ணி அப்படிப் பேசினால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம். கிளிக்கும் அது தெரியும். ஆனாலும் கூப்பிட ஒரு வீடு இருக்கிறதே என்று போனாள்.

அண்ணன் மகள் கதவைத் திறந்தாள். பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிற பெண், நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். முகத்தின் நடுவில் அதே மூக்கு. முட்டு, வளைவு, எல்லாம் அச்சு அசல். "அத்தை!" என்று கட்டிக்கொண்டவள், விலகும்போது கிளியின் மூக்கை ஒரு பார்வை பார்த்தாள். கடைக்கு வருகிறவர்கள் தட்டில் இருக்கும் ஃபிரேமைப் பார்க்கிற பார்வை அது.

சாப்பாட்டு மேசையில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். அண்ணி கறியை அள்ளி அள்ளி வைத்தாள். பாதிச் சாப்பாட்டில் அண்ணி அவர் காலை மேசைக்கு அடியில் இடித்தது, பக்கத்தில் இருந்த கிளிக்கும் தெரிந்தது.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "இவ மூக்கு ஆபரேஷன் பண்ணிக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறா. நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லும்மா."

"அத்தை என்ன சொல்லுவாங்க? அத்தையே பண்ணிக்கிட்டவங்க" என்றாள் பெண். "அதே டாக்டர்கிட்டத்தான் நானும் பண்ணிக்கப்போறேன்."

"பண்ணிக்கக் கூடாது" என்றார் அண்ணன்.

"ஏன்? அத்தைக்கு நல்லா வரலையா? நீங்க எல்லாரும்தானே நல்லா இருக்கு, லட்சணமா இருக்குன்னு சொன்னீங்க? அத்தைக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

அண்ணி சட்டென்று எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். அண்ணன் மகளைப் பார்த்தார், கிளியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கத் தெரிந்தவருக்குத் தான் மாட்டிக்கொண்டால் வெளியே வரத் தெரியவில்லை. கடைசியில் கையால் மேசையில் ஓங்கி அடித்தார்.

"பொய்டி! அவ மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொன்னோம். கண்ணு இருக்குல்ல உனக்கு? நல்லாப் பாரு. ரெண்டு ஓட்டையும் பப்பரப்பேன்னு தெரியுது. இந்தப் பக்கம் யாரோ கிள்ளி எடுத்த மாதிரி குழி. சிரிச்சா மூஞ்சி எல்லாம் சிரிக்குது, நுனி மட்டும் செத்துப்போன மாதிரி நிக்குது. இதுக்கா ஆசைப்படறே?"

கிளி கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. ஓட்டை, குழி, நுனி. ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். ஞாயிறு தவறாமல் குளியலறைக் கதவில் சாய்ந்து நின்று அவள் பார்த்ததெல்லாம் இவரும் பார்த்திருக்கிறார், டிவி பார்க்கிற சாக்கில். முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் பைத்தியமில்லை, என் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று உடம்பெல்லாம் லேசாயிற்று. அந்தச் சந்தோஷம் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை.

"நீயே காட்டும்மா" என்றார் அண்ணன். இப்போது அவர் குரல் கெஞ்சியது. "கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பு. வெளிச்சத்துல பாக்கட்டும். அப்பத்தான் புத்தி வரும்."

எச்சில் கையோடு கிளி ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஏன் திரும்பினாள் என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். மாட்டேன் என்று எழுந்து போயிருக்கலாம். எழவில்லை. மத்தியான வெயில் நேராக முகத்தில் அடித்தது. பெண் எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். முன்னாலிருந்து பார்த்தாள், பக்கத்திலிருந்து பார்த்தாள்.

"சிரிங்க அத்தை" என்றாள் மெதுவாக.

கிளி சிரித்தாள்.

பெண்ணின் பார்வை அத்தையின் மூக்கு நுனியில் நின்றது. பிறகு அவள் கை தன் மூக்கைத் தொட்டது, அந்த மேட்டை, அந்த வளைவை, எல்லாம் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது போலத் தொட்டது. அவள் முகத்தில் இருந்தது இரக்கம். அத்தையிடம் அவளுக்குப் பொறாமை, கோபம், செல்லம் எல்லாம் இருந்ததுண்டு. இரக்கம் அன்றைக்குத்தான் வந்தது.

"சரிப்பா. எனக்கு வேணாம்" என்றாள்.

வீடே மூச்சு விட்டது. அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சோற்றில் கை வைத்தார். பெண் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, வேறு எதையோ பற்றிப் பேச ஆரம்பித்தாள். எல்லாருக்கும் பசி திரும்பி வந்துவிட்டது.

"ஒரு வருஷமா உங்ககிட்ட கேட்டேனே அண்ணா" என்றாள் கிளி.

அண்ணன் மெல்லுவதை நிறுத்தவில்லை. அவர் கெட்டவரும் இல்லை. "உனக்குத்தான் பண்ணி முடிஞ்சுபோச்சே. இனிமே சொல்லி என்ன ஆகப்போவுது? இவளுக்கு இன்னும் பண்ணலையே" என்றார். அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை.

அண்ணி கரண்டியோடு வந்தாள். கண் கலங்கியிருந்தது. நிஜமான நன்றிதான், நடிப்பே இல்லை. கிளி வேண்டாம் என்று கையை வைத்து மறைத்தும், அந்தக் கையை விலக்கிவிட்டுத் தட்டு நிறையக் கறியைப் போட்டாள். பிறகு அவள் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டு சொன்னாள்:

"நல்லவேளை, நீ முன்னாடியே பண்ணிக்கிட்டே. இல்லேன்னா இவளை யாரும்மா தடுத்திருக்க முடியும்?"